சாப் சரிந்ததும் போர்ஷே தப்பியதும்: வாசகர் கேள்விகள்

2008-ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார மந்தநிலை குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், ஸ்வீடன் நாட்டின் சாப் கார் நிறுவனம் வீழ்ந்ததைப் பற்றி இரண்டே வரிகள் வந்திருந்தன. கட்டுரையின் மற்றப் பகுதிகளை விட அந்த இரண்டு வரிகளைப் பற்றித்தான் அதிகக் கடிதங்கள் வந்தன என்பதால், இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மந்தநிலையில் எல்லாக் கார் நிறுவனங்களுக்கும்தான் விற்பனை குறைந்தது. மற்றவர்கள் ஓரிரு ஆண்டுகளில் எழுந்துவிட்டபோது, சாப் மட்டும் ஏன் எழவில்லை?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அமெரிக்காவில் 2007-இல் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் வாகனங்கள் விற்றன, 2009-இல் அது சுமார் 1 கோடியே 4 லட்சமாகக் குறைந்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான இழப்பு. அதே இரண்டு ஆண்டுகளில் சாப் உலகம் முழுவதும் விற்ற கார்களின் எண்ணிக்கை சுமார் 1,25,000-இலிருந்து 40,000-ஐ ஒட்டி இறங்கியது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஐரோப்பாவிலோ நிலைமை இன்னும் வேடிக்கையானது. பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிய கார் வாங்குவோருக்கு ஜெர்மனி அரசு 2,500 யூரோ கொடுத்ததால், அந்நாட்டில் 2009-இல் கார் விற்பனை முந்தைய ஆண்டை விட உயரவே செய்தது. ஆனால் அந்தப் பணத்தைப் பெற்றவர்கள் பெரும்பாலும் சிறிய, விலை குறைந்த கார்களையே வாங்கினார்கள். சாப் விற்ற நடுத்தரச் சொகுசுக் கார்களுக்கு அதில் கிடைத்தது சொற்பம். ஆகவே சாபின் சரிவில் பாதியை மந்தநிலையின் கணக்கில் எழுதலாம். மீதிப் பாதிக்கு வேறு காரணம் தேடியாக வேண்டும்.

அந்தக் காரணம் 2008 டிசம்பரில் வெளிப்படையாகவே எழுத்தில் வந்தது. சாபின் பாதிப் பங்குகளை 1990-இலும் மீதியை 2000-இலும் வாங்கியிருந்த அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், அரசிடம் கடன் கேட்டு வாஷிங்டனில் நின்றபோது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு ஒரு மறுசீரமைப்புத் திட்டம் கொடுத்தது. சாபின் எதிர்காலம் பரிசீலனையில் இருக்கிறது, விற்கவும் நேரலாம் என்று அதில் இருந்தது. அடுத்த பிப்ரவரியில் கொடுத்த திட்டத்தில், 2010 தொடக்கத்திலிருந்து சாப் தங்களுடையதாக இருக்காது என்றே சொல்லிவிட்டார்கள். அதே மாதம் 20-ஆம் தேதி சாப் ஸ்வீடன் நீதிமன்றத்தில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு மனுச் செய்தது.

இப்போது அந்தக் காரை வாங்க நினைத்தவரின் இடத்திலிருந்து பாருங்கள். கார் என்பது கடையில் பணம் கொடுத்த நிமிடத்தோடு முடிந்துவிடும் வியாபாரம் அல்ல. மூன்றாண்டு வாரண்டி, பத்தாண்டுக்கு உதிரிபாகம், ஐந்தாம் ஆண்டில் விற்கப் போனால் கிடைக்கும் விலை ஆகிய எல்லாவற்றையும் நம்பித்தான் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். மூடப்போகிறது என்று ஊரே பேசும் நகைக்கடையில் யாரும் சீட்டுக் கட்ட மாட்டார்கள். அமெரிக்காவில் இத்தகைய கார்களைப் பலர் ரொக்கமாக வாங்காமல் லீஸ் முறையில்தான், அதாவது மாதத் தவணை கட்டிச் சில ஆண்டுகளுக்குக் குத்தகையாகத்தான், எடுத்தார்கள். மூன்றாண்டு கழித்து அந்தக் கார் என்ன விலை பெறும் என்ற மதிப்பீட்டின் மேல்தான் மாதத் தவணை நிற்கிறது. நிறுவனமே இருக்குமா என்ற சந்தேகம் வந்தவுடன் அந்த மதிப்பீடு விழும், தவணை ஏறும், வாங்குபவர் விலகுவார். போதாக்குறைக்கு, 2008 கோடையிலிருந்தே அங்கே லீஸ் கடன் தருபவர்கள் கையை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

2009-இல் சாபின் ட்ரால்ஹெட்டான் நகரத் தொழிற்சாலையில் உருவான கார்கள் சுமார் 21,000 மட்டுமே. விற்றவை அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றால், விற்பனையாளர்கள் முற்றத்தில் தேங்கிக் கிடந்த பழைய கையிருப்பைத் தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதான் பொருள். அந்தத் தள்ளுபடி ஏற்கெனவே சாப் வைத்திருந்தவர்களின் மறுவிற்பனை விலையையும் சேர்த்து இறக்கியது; அடுத்த காரும் சாபாகவே இருக்கட்டும் என்று எண்ணியிருக்கக்கூடியவர்கள் அவர்கள்தாம்.

கேள்வி: சாப் வைத்திருந்தவர்கள் அந்தக் காரின் மேல் பைத்தியமாக இருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்தும் ஒரு நிறுவனம் வீழுமா?
– வாசகர், மதுரை

பதில்: அவர்கள் பைத்தியமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1937-இல் போர் விமானம் கட்டத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது; 1949 டிசம்பரில்தான் கார் உற்பத்திக்கு வந்தது. விமானப் பொறியாளர்கள் காரை வடிவமைத்தால் எப்படி இருக்குமோ அப்படியே அந்தக் கார்கள் இருந்தன. எடுத்துக்காட்டாக, சாவி போடும் துளை ஸ்டியரிங் அருகே இராது. முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே, கியர் கம்பியின் அருகில் இருக்கும். விபத்தில் ஓட்டுநரின் முழங்கால் சாவியில் மோதி நொறுங்கக் கூடாது என்பது ஒரு காரணம். ரிவர்ஸ் கியரில் போட்டால்தான் சாவி வெளியே வரும் என்பதால் திருடனுக்கும் சிரமம். 1970-களின் பிற்பகுதியில், குடும்பத்தோடு போகும் சாதாரணக் காருக்கு டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தி வேகத்தைக் கூட்டும் கருவி) பொருத்தி அதை அன்றாடப் பொருளாக்கிய பெருமையும் சாபுக்கு உண்டு.

ஆனால் எண்களைக் கேளுங்கள். 1987-இல் சாப் விற்றது சுமார் 1,34,000 கார்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, உலகம் முழுக்கப் பணம் தாராளமாகப் புழங்கிய 2006-இல் விற்றதும் ஏறத்தாழ அதே அளவுதான். அந்த 2006-இல் பி.எம்.டபிள்யூ பெயரில் விற்ற கார்கள் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தன. பக்தர்கள் விலகவில்லை, புதியவர்கள் வரவும் இல்லை. ஒரு புதிய காரை வடிவமைத்து மோதல் சோதனை முடித்துச் சந்தைக்குக் கொண்டுவர ஆகும் பெருஞ்செலவு, ஒரு லட்சம் விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் பெரிதாக மாறாது. ஒரு லட்சம் விற்பவரின் ஒவ்வொரு காரின் தலையிலும் அந்தச் சுமை அதிகமாக விழுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்த இருபது ஆண்டுகளில் சாப் லாபம் காட்டிய ஆண்டுகளை எண்ண ஒரு கை போதும்.

செலவைக் குறைக்க அமெரிக்கர்கள் எடுத்த வழி, என் கருத்தில், நோயைவிட மோசமான மருந்து. சுபாருவின் இம்ப்ரெஸாவுக்கு முகத்தை மாற்றி சாப் 9-2எக்ஸ் என்றார்கள். செவர்லேயின் டிரெயில்பிளேசர் ஜீப்பைக் கொஞ்சம் மெருகேற்றி சாப் 9-7எக்ஸ் என்றார்கள். (அந்த 9-7எக்ஸிலும் சாவித் துளையை இருக்கைகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதில் ஏதோ ஒரு சோகமான சிரிப்பு இருக்கிறது.) இன்னொரு பக்கம், 1997-இல் வந்த 9-5 காருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக மாற்று வரவில்லை. மந்தநிலை வந்து கதவைத் தட்டியபோது, காட்சியறையில் காட்டுவதற்குப் புதிதாக எதுவும் இல்லை. மந்தநிலையில் இத்தகைய கார்களின் வாடிக்கையாளர் காணாமல் போவதில்லை. பெரும்பாலும் முடிவைத் தள்ளிப்போடுகிறார். அவர் திரும்பி வரும்வரை தாக்குப்பிடிக்கப் பணமும், வரும்போது காட்டப் புதிய காரும் வேண்டும். சாபிடம் இரண்டும் இல்லை.

கேள்வி: இதைவிடச் சிறிய நிறுவனமான போர்ஷே மட்டும் எப்படிப் பிழைத்தது?
– வாசகர், திருச்சி

பதில்: போர்ஷேயும் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியதுதான், ஆனால் 2008-இல் அல்ல, 1990-களின் தொடக்கத்தில். 1986-இல் உலகம் முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட கார்கள் விற்ற நிறுவனம் அது. அவற்றில் பாதிக்கு மேல், சுமார் 30,000, அமெரிக்காவில் விற்றன. 1985 தொடக்கத்தில் மூன்று மார்க்குக்கு (ஜெர்மனியின் அன்றைய நாணயம்) மேல் இருந்த டாலரின் மதிப்பு 1987 முடிவில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. அதே விலைக்கு விற்றால் ஜெர்மனிக்கு வந்து சேரும் வருமானம் பாதி. விலையை ஏற்றினால் வாங்க ஆள் இல்லை. 1987 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்து, அதன்பின் மந்தநிலையும் சேர்ந்தபோது, 1993-இல் அமெரிக்காவில் விற்ற போர்ஷே கார்கள் 4,000-ஐக்கூட எட்டவில்லை. உலக அளவில் 15,000-ஐ ஒட்டி வந்து நின்றது. 1992-93 கணக்காண்டில் நட்டம் 23.9 கோடி மார்க்.

விகிதத்தில் பார்த்தால் இது சாபின் சரிவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. வேறுபட்டது அதன் பின்னர் நடந்தது. 1992-இல் தலைமைப் பொறுப்பேற்ற வெண்டலின் வீடெகிங், தேவையான பாகத்தைத் தேவையான நேரத்தில் மட்டும் கொண்டுவரும் டொயோட்டா முறையில் தேர்ந்த ஜப்பானிய ஆலோசகர்களை ஸ்டுட்கார்ட் தொழிற்சாலைக்குள் அழைத்துவந்தார். உற்பத்தி வரிசை ஓரம் ஆளுயரத்துக்கும் மேலாக அலமாரிகள் நின்றன. தொழிலாளர்கள் ஏணி வைத்து ஏறி உதிரிபாகம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அலமாரிகளைப் பாதி உயரத்தில் வெட்டும்படி ஆலோசகர் சொல்ல, நிறுவனத் தலைவரே மின்ரம்பத்தைக் கையில் வாங்கி அறுத்தார் என்பது தொழில்துறையில் இன்றும் சொல்லப்படும் செய்தி. அலமாரியில் தேங்கும் பொருள் தேங்கும் பணம் என்பதை நூறு சுற்றறிக்கைகளைவிட அந்த ரம்பம் தெளிவாகச் சொன்னது.

சிக்கனம் மட்டும் போதாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. விற்காத 928, 968 மாடல்கள் 1995-இல் நிறுத்தப்பட்டன. விலை குறைந்த பாக்ஸ்டர் 1996-இலும், அதனோடு முன்பகுதியையும் வேறு பல பாகங்களையும் பகிர்ந்துகொண்ட புதிய 911 அடுத்த ஆண்டிலும் வந்தன. ஒரு காருக்கான செலவில் இரண்டு கார். முகம் ஒன்றாகிவிட்டதே என்று பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் பகிர்ந்துகொண்டது போர்ஷேயும் போர்ஷேயும்தான். செவர்லேயும் சாபும் அல்ல. தேவை கூடியபோது புதிய தொழிற்சாலை கட்டாமல், ஃபின்லாந்தின் வால்மெட் நிறுவனத்திடம் பாக்ஸ்டரைக் கட்டக் கொடுத்தார்கள். அந்த வால்மெட் ஆலை முதலில் சாபின் கூட்டு முயற்சியாகவே தொடங்கி, நீண்ட காலம் சாப் கார்களைக் கட்டிவந்த ஆலை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக, நிறுவனம் போர்ஷே, பீஹ் குடும்பங்களின் கையிலேயே இருந்தது. அவர்களுக்குள் சண்டை ஓய்ந்ததே இல்லை என்றாலும், விற்றுவிடப் போகிறோம் என்று அவர்கள் ஊரறிய அறிவிக்கவில்லை.

கேள்வி: ஸ்வீடன் அரசு நினைத்திருந்தால் சாபைக் காப்பாற்றியிருக்க முடியாதா? நம் டாடா நிறுவனம் அதே காலத்தில் ஜாகுவாரைக் காப்பாற்றவில்லையா?
– வாசகர், ஓசூர்

பதில்: கார் தொழிற்சாலைகளை உடைமையாக வைத்துக்கொள்ள அரசு தயாராக இல்லை என்று அன்றைய தொழில்துறை அமைச்சர் மௌட் ஓலோஃப்சன் 2009 தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டார். ட்ரால்ஹெட்டானில் அது எத்தகைய கோபத்தைக் கிளப்பியிருக்கும் என்று ஓசூரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அரசு முற்றிலும் கைவிட்டது என்பதும் சரியல்ல. ஸ்வீடனின் கோனிக்செக் கார் நிறுவனம் தலைமையிலான குழுமம் வாங்க முன்வந்து 2009 நவம்பரில் பின்வாங்கிய பிறகு, 2010 தொடக்கத்தில் விக்டர் முல்லரின் ஸ்பைக்கர் என்ற டச்சு நிறுவனம் சாபை வாங்கியது. அப்போது ஐரோப்பிய முதலீட்டு வங்கி ஒப்புக்கொண்ட 40 கோடி யூரோ கடனுக்கு ஸ்வீடன் அரசே உத்தரவாதம் கொடுத்தது. சிக்கல் வாங்கியவரிடம் இருந்தது. ஆண்டுக்குச் சில டஜன் ஸ்போர்ட்ஸ் கார்கள் விற்ற நிறுவனம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட தொழிற்சாலையைச் சுமக்க முன்வந்தது. 2010-இல் விற்பனை சுமார் 32,000-க்கு இறங்கியது. புதிய 9-5 ஒருவழியாக வெளிவந்தும், 2011 ஏப்ரலில் பாக்கி வராத உதிரிபாக நிறுவனங்கள் சரக்கு அனுப்புவதை நிறுத்த, உற்பத்தி வரிசை நின்றது. ஜூனில் சம்பளமும் தவறியது. சீன நிறுவனங்கள் பணத்தோடு வந்தபோது, தன் தொழில்நுட்ப உரிமங்கள் அவர்களிடம் போவதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் சம்மதிக்கவில்லை. 2011 டிசம்பர் 19-இல் சாப் திவாலானது.

டாடாவின் கதை வேறு. ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு அவர்கள் வாங்கியது 2008 ஜூனில். அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து நெருக்கடி முற்றியது செப்டம்பரில். அந்த ஆண்டு டாடா மோட்டார்ஸ் குழுமக் கணக்கில் சுமார் 2,500 கோடி ரூபாய் நட்டம். பிரிட்டன் அரசின் உத்தரவாதத்துக்காகப் பல மாதம் பேசியும், நிபந்தனைகள் ஒத்துவராமல் டாடா அதை வேண்டாம் என்று விட்டது. பிற தொழில்களின் வருமானம் கொண்ட குழுமம் பின்னால் நின்றதாலும், ஃபோர்டு காலத்திலேயே தொடங்கிய புதிய மாடல்களின் வேலை நிறுத்தப்படாததாலும், 2011-இல் லேண்ட் ரோவரின் இவோக் கார் வந்தபோது அதை வாங்கச் சீனாவில் வரிசை நின்றது. நேரமும் அவர்களுக்குக் கைகொடுத்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் மைத்துனர் பழைய சாப் 9-3 ஒன்றை மலிவாக வாங்கலாமா என்று கேட்கிறார். உதிரிபாகம் கிடைக்குமா?
– வாசகி, சேலம்

பதில்: சாப் திவாலானபோதும் அதன் உதிரிபாக நிறுவனம் திவாலாகவில்லை. அரசு கொடுத்த உத்தரவாதத்துக்கு ஈடாக அதுவே அடகு வைக்கப்பட்டிருந்ததால், ஸ்வீடன் அரசின் கைக்கு வந்து, பின்னர் ஓரியோ என்ற பெயரில் பாகங்கள் வழங்கும் வேலையைத் தொடர்ந்தது. ஆகவே பிரேக், சஸ்பென்ஷன் போன்ற தேயும் பாகங்களுக்குக் கவலை குறைவு. அந்தக் கார் ஜெனரல் மோட்டார்ஸின் வேறு மாடல்களோடு பல பாகங்களைப் பகிர்ந்துகொள்வதும் இங்கே உதவும். உடற்பகுதித் தகடு, உள்ளலங்காரம், மின்னணுப் பெட்டிகள் ஆகியவற்றில்தான் தேடல் இருக்கும். அருகில் சாப் பழகிய மெக்கானிக் ஒருவர் இருந்தால் மட்டும் வாங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மலிவு விலை முதல் பழுதோடு தீர்ந்துவிடும்.