சாவி சுவிட்சா, செல்ஃபா? பழைய பிக்கப் வண்டிக்காரர்களின் கேள்விகளும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பதில்களும்

அண்ணே, 2006 மாடல் டீசல் பிக்கப். சாவியைத் திருப்பினா டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரியுது, செல்ஃப் மட்டும் மூச்சே விடலை. சாவி சுவிட்ச் போச்சு, மாத்திடுங்கறாங்க. மாத்திடலாமா? (காய்கறி லோடு ஓட்டுபவர், ஒட்டன்சத்திரம்)

பொறுங்க தம்பி. கடைக்குப் போகும் முன் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். இப்போது செல்ஃப் அடித்து, சுவரில் விழும் வெளிச்சத்தைக் கவனியுங்கள்.

வெளிச்சம் செத்துப்போனால் சுவிட்ச் மேல் பழி போடாதீர்கள். பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் பூத்திருக்கலாம், இஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே போகிற எர்த் பட்டை தளர்ந்திருக்கலாம். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.

வெளிச்சம் அசையாமல் நின்று, சத்தமும் இல்லை என்றால் செல்ஃபுக்கு உத்தரவே போய்ச் சேரவில்லை. செல்ஃப் சோலினாய்டில் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) தடித்த பேட்டரி கேபிள் தவிர மெல்லிய ஒயர் ஒன்று வரும். டெஸ்ட் லாம்ப்பை (கரண்ட் வந்தால் எரியும் சோதனை விளக்கு) அதில் வைத்து, இன்னொருவரை சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள். லாம்ப் பளிச்சென்று எரிந்தால் சாவி சுவிட்ச் நன்றாக இருக்கிறது, செல்ஃபைக் கழற்றலாம். எரியாவிட்டால் பின்னோக்கி வாருங்கள்: ரிலே (சின்னக் கரண்டை வாங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் பெட்டி), அப்புறம் சுவிட்ச். பல சுவிட்சுகளின் முதுகில் எண் அடித்திருக்கும். 30 எப்போதும் கரண்ட் உள்ள முனை, 15 சாவி ஆனில் வருவது, 50 ஸ்டார்ட்டில் மட்டும் வருவது. 30இல் கரண்ட் இருந்து, ஸ்டார்ட் அடிக்கும்போது 50இல் வராவிட்டால்தான் சுவிட்ச் குற்றவாளி.

அப்போதும் முழு செட் வாங்கத் தேவையில்லாமல் போகலாம். நிறைய வண்டிகளில் பூட்டு தனி, அதன் பின்னால் ஸ்க்ரூவில் நிற்கும் கரண்ட் பகுதி தனி. அதை மட்டும் மாற்றினால் கதவுக்கும் இதற்கும் அதே பழைய சாவிதான்.

அண்ணை, என்னட்டை பழைய ஹைலக்ஸ் டீசல் நிக்குது. திறப்பைத் திருப்பினா "டிக்" எண்டு ஒரு சத்தம் மட்டும். நாலைஞ்சு தரம் திருப்பினா ஒருக்கா பிடிக்குது. பற்றரி புதுசு. (கிளிநொச்சி)

"டிக்" என்று கேட்கிறதென்றால் உத்தரவு சோலினாய்டு வரை போகிறது என்று அர்த்தம். ஆகவே திறப்புப் பக்கத்தை இப்போதைக்கு விடுங்கள். இந்த வண்டிகளில் வருகிற டென்சோ கம்பெனி ஸ்டார்ட்டரில், அதாவது செல்ஃபில், எல்லோருக்கும் தெரிந்த வியாதி இது. சோலினாய்டு மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு செப்புத் துண்டுகள் தெரியும். பிளஞ்சரின் (சோலினாய்டுக்குள் முன்னும் பின்னும் ஓடும் தண்டு) நுனியில் உள்ள செப்பு வட்டு பாய்ந்து வந்து அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால்தான் மோட்டார் சுற்றும். வருடக்கணக்கில் தீப்பொறி பட்டுப் பட்டு, பேட்டரி கேபிள் வரும் பக்கத்துத் துண்டு கூடுதலாகத் தேய்ந்து பள்ளமாகிவிடும். வட்டு வந்து முட்டும், ஆனால் ஒரு பக்கம் தொடாது. நாலைந்து தரம் அடிக்கும்போது எப்போதாவது தொடுகிறது, அவ்வளவுதான்.

செப்புத் துண்டுகள் தனியாகவே கிடைக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் ஒத்துவராது. பிளஞ்சர் வட்டிலும் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டரில் கைவைக்கும் முன் பற்றரியின் நெகடிவ் கழன்றிருக்க வேண்டும். அந்தக் கேபிளில் ஃபியூஸ் கிடையாது.

சாவி உள்ளே போகுது, திரும்ப மாட்டேங்குது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். (பொள்ளாச்சி)

எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த மாதம் இன்னும் இறுகும். கான்டாக்ட் கிளீனர் அடித்துக் கழுவிவிட்டு கிராஃபைட் பவுடர் போடுங்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக முறுக்கி நின்றால் ஸ்டீயரிங் லாக் பின் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே திருப்புங்கள். தேய்ந்த சாவியைக் காட்டி டூப்ளிகேட் போடாதீர்கள், தேய்மானமும் சேர்ந்து காப்பி ஆகும். வண்டியோடு வந்த இரண்டாவது சாவி பீரோவில் இருந்தால் அதைக் கொண்டு போங்கள்.

சார், எங்க கோழிப்பண்ணை வண்டி செல்ஃப் அடிச்சதும் ஸ்டார்ட் ஆகுது. சாவியை விட்டதும் நின்னுடுது. டீசல் பம்ப்பைப் பிரிக்கணும்னு டிரைவர் சொல்றார், செலவை நினைச்சா பயமா இருக்கு. (பண்ணை நடத்தும் பெண், நாமக்கல்)

பம்ப்பைத் தொடவிடாதீர்கள் அம்மா, முதலில் கரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ரோட்டரி பம்ப் வண்டிகளில் பம்ப் தலையில் ஒரு ஸ்டாப் சோலினாய்டு இருக்கும். அதற்குக் கரண்ட் இருக்கும்வரைதான் டீசல் போகும். சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்போது கரண்ட் வந்து, ஆனுக்குத் திரும்பியதும் போய்விட்டால், 15ஆம் முனையின் கான்டாக்ட் கருகியிருக்கிறது. வண்டி நின்றபின் சாவி ஆனிலேயே இருக்கட்டும், டேஷ்போர்டைப் பாருங்கள். ஆயில், சார்ஜ் விளக்குகள் எரியவில்லையா? சாவியை இலேசாக ஆட்டினால் மினுக்குகிறதா? சுவிட்ச்தான். விளக்குகள் ஒழுங்காக எரிந்தால் ஸ்டாப் சோலினாய்டின் ஒயரில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் கரண்ட் நிலையாக இருந்தால்தான் பம்ப் பேச்சு.

இன்னொன்று. சாவிக்கொத்தில் பண்ணைச் சாவி, குடோன் சாவி, சாமி படம் எல்லாம் தொங்குகிறதா? மேடு பள்ளத்தில் அந்தக் கனம் ஆடி ஆடித்தான் பாதி சுவிட்சுகள் சாகின்றன. வண்டிச் சாவியைத் தனியாக வையுங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் செல்ஃப் சுத்திக்கிட்டே இருக்கு. (தூத்துக்குடி)

இது அவசரம். சாவியைக் கையால் பின்னுக்கு இழுங்கள். நின்றால் சுவிட்சின் ஸ்பிரிங் போயிருக்கிறது. நிற்காவிட்டால் இஞ்சினை அணைத்து, ரிலேயைப் பிடுங்குங்கள். அதிலும் நிற்காவிட்டால் சோலினாய்டு உள்ளே ஒட்டிக்கொண்டது, பேட்டரியைக் கழற்றியே ஆகவேண்டும். பத்து நம்பர் ஸ்பேனர் ஒன்று எப்போதும் சீட்டுக்கடியில் இருக்கட்டும். சரிசெய்யாமல் ஓட்டினால் செல்ஃப் கருகும், ஃபிளைவீல் பல்லும் போகும்.

சுவிட்ச் கிடைக்கலை. புஷ் பட்டன் வெச்சு ஓட்டலாமா? (தர்மபுரி)

ஓட்டலாம், ரிலே இருந்தால். சோலினாய்டு இழுக்கும் அந்த நொடியில் பத்து இருபது ஆம்பியருக்கு மேலேயே குடிக்கும். அதைச் சின்னப் பட்டன் வழியாக நேரே விட்டால் சில வாரத்தில் உருகிவிடும். சாவி சுவிட்சுகள் கருகுவதும் பெரும்பாலும் ரிலே இல்லாத வண்டிகளில்தான். ரிலேயின் காயிலுக்கு கால் ஆம்பியர்கூட வேண்டாம்.

சாவி சுவிட்சின் 15ஆம் முனையிலிருந்து பட்டன், பட்டனிலிருந்து ரிலேயின் 86ஆம் முனை. 85 எர்த்துக்கு. பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு, ரிலேயின் 87இலிருந்து சோலினாய்டுக்கு. பட்டனை 15இலிருந்துதான் எடுக்க வேண்டும். நேரே பேட்டரியிலிருந்து எடுத்தால் சாவியே இல்லாமல் கேபினில் விளையாடும் குழந்தைகூட அமுக்கும், கியரில் நிற்கும் வண்டி ஒரே எகிறாக எகிறும்.