பனிமலையும் அப்பளமும்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பளம் போடும் ஆச்சி ஒருத்தியைப் பற்றிக் கதை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். 'உவமைகள் ஒட்டவில்லை' என்று திருப்பிவிட்டார்கள். உவமை, உருவகம், ஆகுபெயர் எல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். ஆனால் படிக்கும்போது பிடிபடுவதில்லை, எழுதும்போது கைகொடுப்பதில்லை. கதையை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கதையைப் படித்தேன். முதல் பத்தியிலேயே ஆச்சியின் சேலை 'பனிமலை போல் வெள்ளை' என்கிறீர்கள். ஆச்சி பனிமலையை எங்கே கண்டாள்? அவளுக்குத் தெரிந்த வெள்ளை முன்னால் குவிந்து கிடக்கிற உளுந்த மாவு.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என்று 4 வகையாகப் பிரிக்கிறார். நாம் பெரும்பாலும் மெய்யிலும் உருவிலும், அதாவது வடிவத்திலும் நிறத்திலும் நின்றுவிடுகிறோம். வினைக்கு, அதாவது செயலுக்குப் போய்ப் பாருங்கள். வெயில் ஏறிப்போன அப்பளம் ஓரத்திலிருந்துதான் சுருளும், நடு கடைசியில்தான் அசையும். மருமகள் சொல்லடி பட்டு ஒடுங்குகிறாளே, அந்த இடத்துக்கு உங்கள் முற்றத்திலேயே உவமை காய்ந்துகொண்டிருக்கிறது.

அடையாளம் காண்பதற்கு வருகிறேன். 'போல' வந்தால் உவமை. நம் பக்கம் 'பேய் கணக்கா முழிக்கான்' என்போம். பள்ளிப் பட்டியலில் இல்லாவிட்டாலும் அந்தக் 'கணக்கா'வும் உவம உருபுதான். இதுவே அது என்று ஒன்றாக்கிவிட்டால் உருவகம். மதிமுகம் (மதி போன்ற முகம்) என்றால் 'போல' மறைந்து நிற்கும் உவமை, முகமதி (முகமே மதி) என்றால் உருவகம்.

சிக்கல் ஆகுபெயரில், அதாவது ஒன்றின் பெயர் அதோடு ஒட்டிய இன்னொன்றுக்கு ஆகிவருவதில். அது அலங்காரமாகவே கண்ணில் படாது. 'கார் அறுத்தான்' என்ற பாடப்புத்தக உதாரணம் பட்டணத்துப் பிள்ளைக்குப் புதிர். தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் இரண்டு போகம். 'பிசானம் அறுத்தாச்சா மாமா?' என்று வரப்பில் நின்று கேட்கிறவர், காலத்தின் பெயர் பயிருக்கு ஆகிவந்ததென்று எண்ணியா கேட்கிறார்? 'சீசன் டல்லா இருக்கு' என்று குற்றாலத்தில் அருவித் தண்ணீரைச் சொல்வதும் அதே காலவாகுபெயர்தான், ஆங்கிலச் சொல்லாக இருந்தால் என்ன! சொல்லை நேர்ப்பொருளில் வைத்துப் பாருங்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே அது வேறொன்றுக்காக நிற்கிறது. அரிவாளால் பருவத்தை அறுக்க முடியாதே.

இந்தச் சோதனை, வாழ்த்துப் போல வைகிற 'நல்லா இருப்ப, போ' என்பதில் பலிக்காது. அங்கே எல்லாம் குரலில் இருக்கிறது. கதையில் குரல் கேட்காது, ஆகவே பக்கத்தில் படாரென்று அடைத்த ஒரு கதவாவது வேண்டும்.

மிகைப்படுத்த ஆசையிருந்தால் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரிடம் போங்கள். தேனருவியின் திரை வானில் எழும்பி ஒழுக, 'செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்' என்கிறார் குற்றாலக் குறவஞ்சியில். சாரலில் நனைந்த பாறையில் கால் வைத்தவனுக்கு அந்த வழுக்கல் தெரியும். உள்ளங்காலில் பட்ட அதைத்தான் சூரியன் தேர்வரைக்கும் கொண்டுபோகிறார். உங்கள் 'ஆயிரம் இடி ஒன்றாய் முழங்கியது' எந்தக் காலிலும் படவில்லை, எடுத்துவிடுங்கள்.

7-ஆம் பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். 'இந்த உலக்கைதாம்ட்டீ ரெண்டு பிள்ளையளையும் கெட்டிக் குடுத்துச்சு' என்கிறாளே ஆச்சி, அது ஆகுபெயரா என்று யோசித்தா எழுதினீர்கள்?