வாக்குத்தத்த அட்டையும் வராத சுகமும்

கேள்வி: கடந்த புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் என் கணவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், ‘நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்’ என்ற வசனம் இருந்தது. அப்போது அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அட்டையைப் பீரோக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, குடும்பமாக உபவாசித்து ஜெபித்தோம். ஆகஸ்டு மாதம் அவர் இறந்துவிட்டார். துக்கம் கேட்க வந்த ஒருவர், ‘வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவாக இருந்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறேன், ஆனால் பாட வாய் வரவில்லை. ஆண்டவர் என்னை ஏமாற்றிவிட்டாரா? என் விசுவாசம் போய்விட்டதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, துக்க வீட்டில் உங்கள் காதில் விழுந்த அந்த வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மரணத்தைவிட அதுவே உங்களை அதிகமாக அரித்துக்கொண்டிருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்த வார்த்தைக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. எபேசு பட்டணத்தில் பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களைப் போட்டபோதே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே எபேசைச் சேர்ந்தவர்தான் பவுலின் உடன் ஊழியரான துரோப்பீமு. பவுல் தம் கடைசி நிருபத்தின் இறுதி வரிகளில் அவரைப் பற்றி எழுதுவது என்ன? ‘துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்.’ அவ்வளவுதான். பவுலின் ஜெபத்தில் குறை இருந்தது என்றோ, துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்றோ ஒரு சொல்லும் அங்கே இல்லை. சுகம் கிடைத்ததை எழுதிய வேதம், கிடைக்காததையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

உங்கள் மாவட்டத்திலேயே, டோனாவூரில், ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரியான ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் தவறி விழுந்து காயமடைந்த பிறகு, 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலும் கட்டிலிலுமாகவே வாழ்ந்தார். அவருக்காக ஜெபிக்க அங்கே ஆள் குறைவாக இருக்கவில்லை. இருபது ஆண்டு வலியை அவருடைய விசுவாசக் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அதே சொல்லை ஒரு விதவையிடம் சொல்லத் துணிவது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது.

இனி அந்த அட்டையைப் பற்றி. அந்த வசனம் 118ஆம் சங்கீதத்தின் 17ஆம் வசனம். சாவின் விளிம்புவரை தள்ளப்பட்டுத் தப்பிய ஒருவர், தமக்கு நடந்ததைச் சொல்லித் துதிக்கிற பாட்டு அது. அதை அட்டையில் தனியே அச்சிட்டுப் பெட்டியில் கலந்து, கைக்கு வந்ததை ‘இந்த வருடத்துக்கு ஆண்டவர் எனக்குத் தந்தது’ என்று எடுத்துக்கொள்வது நம் சபைகளில் வேரூன்றிய அன்பான வழக்கம். அதனால் பலர் ஆறுதல் பெற்றிருக்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால், குறிப்பிட்ட ஒரு வியாதியஸ்தர் குறிப்பிட்ட ஆண்டில் மரிக்கமாட்டார் என்ற உறுதியை அந்தச் சங்கீதம் எங்கும் கொடுக்கவில்லை. அந்த உறுதியை அதன்மேல் ஏற்றியது நம் வழக்கமே. ஆகையால் ஆண்டவர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக நம்பும்படி நாங்கள், போதிக்கிறவர்கள், உங்களை விட்டுவிட்டோம்.

அந்தச் சங்கீதத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள் யூதர்கள் பஸ்கா பண்டிகை இரவில் பாடுகிற துதிப் பாடல்கள். கடைசி இராப்போஜனம் முடிந்ததும் இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகிறார்கள். அந்தப் பாட்டு இந்தச் சங்கீதங்களிலிருந்தே வந்தது என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. அப்படியானால், ‘நான் சாவாமல், பிழைத்திருந்து’ என்ற வரி ஆண்டவருடைய வாயிலும் அந்த இரவில் இருந்தது. அதைப் பாடி முடித்துத் தோட்டத்துக்குப் போய், பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி அவர் பிதாவிடம் கேட்டார். நீங்கவில்லை. மறுநாள் பிற்பகலில், ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கூப்பிட்டு மரித்தார். உங்கள் கணவரின் அட்டையில் இருந்த வசனம் பொய்யாகிப்போன வசனமன்று. அதைப் பாடியவர் மரணத்துக்குள்ளேயே போய், மூன்றாம் நாளில் அதன் மறுபக்கத்தில் எழுந்தார் என்பதே நம் நம்பிக்கை. கல்லறையிலிருந்து எழுப்பப்பட்ட லாசருவும் பின்னொரு நாள் மரித்தவர்தானே? சுகம் ஒரு தவணையைத் தள்ளிப்போடுகிறது. நாம் காத்திருப்பதோ உயிர்த்தெழுதலுக்கு, அங்கே உங்கள் கணவருக்கும் பங்கு உண்டு.

பாட முடியவில்லை என்கிறீர்கள். பாட வேண்டாம். மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள், சபை என்பது அதற்காகவும்தான். வீட்டில் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் துதியில் முடியும், இது முடியாது. ‘எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்’ என்றபடியே நின்றுவிடும். அதையும் ஜெபமென்று எண்ணி வேதத்துக்குள் வைத்தவர்கள், உங்கள் கோபத்தையும் ஜெபமாக ஏற்றுக்கொள்வார்கள். ஆண்டவரிடம் முறையிடுகிறவருக்கு விசுவாசம் போய்விடவில்லை. போய்விட்டிருந்தால் முறையிட யார் இருக்கிறார்கள்?

அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு வலித்தால் எடுத்து வைத்துவிடுங்கள், அது பாவமன்று. இந்தப் புத்தாண்டில் புதிய அட்டை எடுக்க மனமில்லையென்றால் எடுக்காதீர்கள். உறக்கமும் சாப்பாடும் பல வாரங்களாகக் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொண்டுவந்தது உபதேசமன்று, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீருமே.

கேள்வி: வேதத்தைப் பற்றி எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. வாலிபர் கூட்டத்தில் கேட்டால், ‘கேள்வி கேட்காதே, விசுவாசி’ என்கிறார்கள். சந்தேகம் பாவமா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை, தம்பி. யோர்தானில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானே சிறையிலிருந்து, ‘வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா’ என்று ஆளனுப்பிக் கேட்டார். இயேசு கோபிக்கவில்லை, கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்று சான்றுகளைக் காட்டினார். அனுப்பப்பட்டவர்கள் போனபின், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் எழும்பவில்லை என்று ஜனங்களிடம் அவரைப் புகழவும் செய்தார். தோமாவை எண்ணிப்பாருங்கள்: இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்று சொன்ன பிறகும் எட்டு நாள் கழித்து அவர் மற்ற சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தார். அவரும் விலகவில்லை, அவர்களும் விலக்கவில்லை. நீங்களும் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். கேள்விகளைத் தாளில் எழுதி ஆயரிடம் கொடுத்து, ஒரு மாலை நேரம் ஒதுக்கித் தரக் கேளுங்கள். அவற்றில் சிலவற்றுக்குத் தமக்குப் பதில் தெரியாது என்று அவர் சொன்னால், அவரிடம் மறுபடியும் போங்கள்.