கொசுறு இல்லாத ஒரு முழம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 'பொன்னியின் செல்வன்' பூங்குழலியைக் காசிமேட்டுக்குக் கூட்டிவந்து ஒரு ரசிகர் புனைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். வாரம் ஒரு அத்தியாயம், இதுவரை 21. என் பூங்குழலி அப்பாவின் ஃபைபர் படகை ஓட்டுகிறாள், ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறாள். அருள்மொழி விசைப்படகு முதலாளி வீட்டுப் பிள்ளை. அவளுடைய அத்தை மகன் சேந்தன் அமுதன் திருவொற்றியூர்க் கோயில் வாசலில் பூ விற்கிறான்.

16ஆம் அத்தியாயத்தில் அமுதன் ராத்திரி முழுக்க அவள் படகுக்காகத் துறைமுகத்தில் காத்திருப்பான். அதைப் படித்துவிட்டு அழுததாகப் பலர் எழுதினார்கள். 19இல் அவள் அருள்மொழியோடு போக முடிவெடுத்தாள். வாசகர்களுக்குள் அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. 20இல் அமுதன் குடித்துவிட்டு வந்து அவளை அறைகிறான். 21இல் எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி மோதிச் செத்துப்போகிறான். நான் அழுதுகொண்டேதான் அதை எழுதினேன். படித்தவர்கள் அழவில்லை, திட்டுகிறார்கள். "பூங்குழலி இப்படிச் செய்ய மாட்டாள்" என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். "இனிமே எழுதாதே" என்கிறார் ஒருவர். "ரெண்டு நாளா சோறு இறங்கல" என்கிறார் இன்னொருவர். அமுதனைப் பிழைக்கவைத்து ஜோடியை மாற்றிவிடட்டுமா? எங்கே தப்பு செய்தேன்? புத்தகமாகப் போட யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகி

அன்புள்ள தோழி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கல்கி மறைந்தது 1954இல். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரைதான் இங்கே காப்புரிமை. அந்தக் கெடு முடிவதற்கு முன்பே தமிழ்நாடு அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. நாவலை வைத்து எழுத யாரிடமும் கேட்க வேண்டாம். திரைப்படத்தின் ஸ்டில்லை மட்டும் அட்டையில் போட்டுவிடாதீர்கள், அது வேறு ஆள் சொத்து.

21 அத்தியாயங்களையும் படித்தேன். ஜோடியை மாற்ற வேண்டாம். அவள் அருள்மொழியோடு போனதற்காக வந்த சண்டை, ஒரு வாரம் அடித்துக்கொண்டு அடங்கியிருக்கும். அதை வசவாக மாற்றியது 20ஆம் அத்தியாயத்து அறை. 19 அத்தியாயமாகக் கள்ளையோ பிராந்தியையோ தொடாத ஒருவன், பூ கட்டும்போதுகூட மெல்லிய குரலில் தேவாரம் பாடுகிறவன், ஒரே ராத்திரியில் கை நீட்டுகிறான். ஏன் நீட்டினான் என்று வாசகருக்குத் தெரியும். பூங்குழலி எடுத்த முடிவு சரிதான் என்று காட்ட உங்களுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அந்த இடத்தில் அவர்கள் கண்ணுக்கு அமுதன் மறைந்து, எழுதுகிற உங்கள் கை தெரிந்துவிட்டது. பாத்திரத்தைப் பார்த்தால் அழுகை வரும். கையைப் பார்த்தால் கோபம்தான் வரும்.

அதோடு, அவன் கெட்டவனாகிவிட்டால் அவள் இழந்தது என்ன? ஒரு தப்பும் செய்யாதவனை, அவன் நல்லவன் என்று தெரிந்தே விட்டுவிட்டுப் போவதில்தான் முக்கோணக் கதையின் வலி முழுக்க இருக்கிறது. தோற்கிறவனை ஒரு அங்குலம் தாழ்த்தினாலும் அந்த வலி கழன்றுவிடும்.

லாரியும் அதே ரகம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையில் வரிசைகட்டி நிற்பதை வடசென்னையில் பார்க்காதவர் இல்லை. விபத்து நடக்காத சாலையும் இல்லை அது. ஆனால் நடக்கக்கூடியது என்பதற்காகக் கதையில் நம்பிவிட மாட்டார்கள். மூலத்தில் மணிமேகலை என்ன ஆகிறாள் என்று பாருங்கள். வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள், அந்தப் பாரத்திலேயே சித்தம் கலங்குகிறாள், கடைசியில் அவன் மடியில் உயிர் விடுகிறாள். அவள் சாவு அவள் காதலிலிருந்தே முளைத்தது. வெளியிலிருந்து எதுவும் வந்து மோதவில்லை. உங்கள் அமுதன் சாவுக்கும் அவன் காதலுக்கும் நூல் இழை அளவுகூடத் தொடர்பில்லை.

திருவொற்றியூரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அந்த ஊரின் கதையைக் கையில் எடுக்காமல் விட்டதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். தமிழில் இதைவிடப் பழகிய முக்கோணம் எது? திருவாரூரில் மனைவி பரவையார் இருக்க, ஒற்றியூர் வந்த சுந்தரர், கோயிலில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்க்கிறார். கவனியுங்கள், அவரும் பூத்தொடுக்கிறவர். உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம். இளவேனில் வந்ததும் ஆரூர் ஞாபகம் இழுக்க, ஊர் எல்லையைத் தாண்டுகிறார், இரண்டு கண்ணும் போகிறது. ஆரூரில் பரவையார் கதவைத் திறக்கவில்லை. ஊடலைத் தீர்க்க நள்ளிரவில் சிவனே இரண்டு தடவை தூது நடக்கிறார்.

இந்தக் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள். கலிக்காமர் யார்? ஆண்டவனை ஒரு பெண்ணிடம் தூது அனுப்புவதா என்று சுந்தரர் மேல் ஆத்திரம் கொண்டவர். சூலை நோய் வந்தபோது, சுந்தரர் வந்து தீர்ப்பதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றில் உடைவாளைப் பாய்ச்சிக்கொண்டவர். சுந்தரர் காதலைச் சொல்லும் இடத்தில், அதைப் பொறுக்க முடியாதவரின் கோபத்துக்கும் நாயனார் என்று பேர் கொடுத்து இடம் ஒதுக்கியிருக்கிறார் சேக்கிழார். அந்தக் கோபத்தை அவர் கேலி செய்யவில்லை, திருத்தவும் அவசரப்படவில்லை. உங்களைத் திட்டுகிறவர்களை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

அப்புறம், சுந்தரர் கிளம்பிப் போனபின் ஒற்றியூரில் சங்கிலியார் எப்படி நாளைக் கழித்தார்? காவியம் அங்கே நிற்பதில்லை, சுந்தரர் கூடவே நடந்துவிடுகிறது. ரசிகர் புனைவுக்கு இதைவிடப் பெரிய இடைவெளி வேண்டாம். உங்கள் அமுதனை அங்கே நிறுத்துங்கள். அவன் உயிரோடு, அதே கடையில், அதே மகிழ மரம் இருக்கிற கோயிலின் வாசலில் இருக்க வேண்டும். அவள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். போகலாம், ஆனால் போக முடியாது.

இனிக் கணக்கு. 19க்கு முந்தைய 18 அத்தியாயங்களில் யார் மனசுக்குள் நின்று காட்சி சொல்கிறீர்கள் என்று எண்ணினேன். அமுதன் 11 காட்சி, பூங்குழலி 6, அருள்மொழி 4. வாசகர் யார் மனசுக்குள் குடியிருந்தாரோ அவர் கட்சியில்தான் நிற்பார். முடிவெடுக்கிறவள் பூங்குழலி, அவள் மனசுக்குள்ளோ அமுதனுக்குப் போனதில் ஏறக்குறைய பாதி அளவுதான் நாம் போகிறோம். அதனால் முடிவு வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கிறது. அமுதனின் காட்சிகளில் மூன்றை எடுத்து அவளுக்குக் கொடுங்கள். 16ஐ மட்டும் தொடாதீர்கள். அருள்மொழிக்கு ஒரே ஒரு காட்சி சேருங்கள், அதில் அவன் அவளைப் பற்றி நினைக்கவே கூடாது. எஞ்சின் கோளாறோ ஐஸ் கணக்கோ பார்த்துக்கொண்டிருக்கட்டும். காதலைத் தவிர வேறு வேலை இருக்கிற ஆண் என்று தெரிந்தால்தான் வாசகர் அவனை ஆளாக மதிப்பார்.

19இன் கடைசி வரி "நான் அருள் கூடப் போறேன்". உடனே தொடரும். இது பெரிய பிழை. வாரத் தொடரில் ஆபத்தைத் தொடரும் போட்டு நிறுத்தலாம், புயலில் படகு தத்தளிக்கட்டும், ஒரு வாரம் கவலைப்பட்டுக் காத்திருப்பார்கள். தீர்ப்பை மட்டும் நிறுத்தக் கூடாது. ஏன் என்பது அதே அத்தியாயத்தில் வராவிட்டால் அந்த ஏழு நாளில் ஆளுக்கு ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள். பெரும்பாலானவர்கள் கற்பித்தது, பணத்துக்குப் போய்விட்டாள் என்று. 20இல் நீங்கள் என்ன சொல்லியிருந்தாலும் அது எடுபட்டிருக்காது.

"பூங்குழலி இப்படிச் செய்ய மாட்டாள்" என்று நாலு பேர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர்கள் சொல்வது சரி. 18இல் இரண்டு ஆண்களும் ஐஸ் கிடங்கு வாசலில் அவளைப் பற்றி வாக்குவாதம் செய்ய, அவள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடலில் தனியே துடுப்புப் போட்டவள், விழுந்தவர்களைத் தூக்கிப் படகில் போட்டவள், சுவரோரம் நிற்பாளா? நீங்களே 5ஆம் அத்தியாயத்தில் அவளை அச்சாகப் பிடித்திருக்கிறீர்கள். கோடிக்கரைச் சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்கிறாள் கல்கியின் பூங்குழலி. உங்கள் பூங்குழலி ராத்திரிப் படகிலிருந்து மணலி சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் எரியும் பிழம்பைக் காட்டி அதையே சொல்கிறாள். அங்கே சதுப்பு வாயு, இங்கே ஆலை வாயு. படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கத் தோன்றும் இடம் அது. 18ஆம் அத்தியாயத்தை அந்தப் பெண்ணை வைத்துத் திரும்ப எழுதுங்கள்.

தேதிப் பிழை ஒன்று. 11இல் மே 10ஆம் தேதி அருள்மொழி விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். காசிமேட்டு வாசகர் அந்த வரியிலேயே கதையை விட்டுவிடுவார். ஆனால் இது உங்களுக்கு வரம். அந்த 61 நாள் அவன் கரையில் இருக்கிறான், வலை பழுது பார்க்கிறான், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறான். அவளுடைய ஃபைபர் படகு கடலுக்குப் போய்வரும். அவள் போக, அவன் காத்திருக்க, ஊர்வழக்கமே தலைகீழாகிவிடும். காதல் அங்கே வளரட்டும். அது வளர்ந்ததைக் காட்டினால் 19க்குக் காரணம் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

வருகிற கடிதங்களுக்கு என்ன செய்வது? "இனிமே எழுதாதே" என்பவருக்கு ஒரு வாரம் கழித்து, படித்ததற்கு நன்றி என்று மட்டும் எழுதுங்கள். கதைக்காக வாதாடாதீர்கள். சோறு இறங்காதவருக்கு அன்றைக்கே பதில் போட வேண்டும், கதையைப் பற்றி அல்ல, அவரைப் பற்றி. சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். சில பேர் சொந்த வாழ்க்கையில் விட்டுப்போனவரைத்தான் அமுதன் என்று எழுதுவார்கள். அந்தக் கடிதத்தில் 'உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை' என்கிற மாதிரி ஒரு சொல் வந்தாலும் கதையை ஓரமாக வைத்துவிட்டு, சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் கொடுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். முதல் அத்தியாயத்தின் தலைக்குறிப்பில் 'பிரிவு, சோக முடிவு' என்று இன்றே சேருங்கள். கதை வெளியிடும் இணையதளங்கள் கேட்கிற எச்சரிக்கை பெரும்பாலும் சாவுக்கும் வன்முறைக்கும்தான், பிரிவை நாமாகத்தான் சொல்ல வேண்டும். முடிவு தெரிந்தால் அழ மாட்டார்களோ என்று பயப்படாதீர்கள். மணிமேகலை சாவாள் என்று தெரிந்தே மூன்றாம் முறை படிக்கிறவர்களும் அழுகிறார்கள்.

20, 21 இரண்டையும் எடுத்துவிட்டு, 'திருத்தி எழுதப்படுகின்றன, ஜோடி மாறாது' என்று ஒரு வரி போடுங்கள். மூன்று அத்தியாயம் கையில் தயாரான பிறகே அடுத்ததை வெளியிடுங்கள்.

20இல் பிரிவுக் காட்சி வர வேண்டும். இப்போது அமுதன் ஒன்றரைப் பக்கம் பேசுகிறான், "உன் நினைவுகளோடு வாழ்ந்துகொள்வேன்" என்கிறான். அது முழுதையும் வெட்டுங்கள். அவன் தொழிலிலேயே ஒரு சொல் இருக்கிறதே, கொசுறு. 3, 8, 14 ஆகிய மூன்று அத்தியாயங்களில், அவள் மல்லி வாங்கும்போதெல்லாம், விடிகாலையில் மரத்தடியில் பொறுக்கிய நாலு மகிழம்பூவை இலையில் சேர்த்து வைத்து மடிக்கட்டும். ஏன் என்று ஒரு இடத்திலும் சொல்லாதீர்கள். 14இல் மட்டும், அவள் மீன் கணக்கு நோட்டுக்குள் காய்ந்த மகிழம்பூ கிடக்கட்டும். மகிழம்பூ காய்ந்தாலும் மணம் போகாது, நோட்டுக்கே அந்த வாசனை ஏறியிருக்கும். அப்புறம் 20இல் இப்படி:

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடையில் கூட்டம்.

"எத்தினி மொழம்?"

"ஒண்ணு."

முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்தான். நூலை அறுத்தான். இலையில் வைத்து மடித்தான். சில்லறையை எண்ணிக் கொடுத்தான்.

"வரேன், அமுதா."

"பாத்துப் போ. ரோட்டுல வண்டி ஜாஸ்தி."

அவள் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, மடியில் வைத்து இலையைப் பிரிக்கிறாள். ஒரு முழம் மல்லி இருக்கிறது. அத்தியாயத்தை அங்கே நிறுத்துங்கள். அவள் தேடினாள், அழுதாள், திரும்பிப் பார்த்தாள் என்று அடுத்த வரி கை தானாக எழுதப் போகும். எழுத வேண்டாம்.

அன்புடன்.