சிக்னல் புகையும் ராத்திரி இருமலும்

கேள்வி: எங்கள் வீடு வடபழனி நூறடி சாலையைப் பார்த்த முதல் மாடி. மகனுக்கு 7 வயது. ஒரு வருடமாக ராத்திரியில் இருமல். சிரப் கொடுத்தால் அடங்கும், பத்து நாளில் திரும்பிவிடும். எனக்கும் சின்ன வயதில் வீசிங் இருந்தது. புகை வரக்கூடாதென்று ஜன்னலை மூடி, கொசுவத்தி ஏற்றிவிட்டுத்தான் தூங்குகிறோம். பள்ளிக்கு ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போகிறேன். டாக்டர் இன்ஹேலர் எழுதினார். மாமியார் பழகிவிடும் என்கிறார். வண்டிப் புகைதான் காரணமா? வீடு மாறலாமா?

பதில்: முதலில் கொசுவத்தியை அணையுங்கள். சாலைப் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, உள்ளே ராத்திரி முழுக்கப் புகை போடுகிறீர்கள். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமமாக இருந்தது. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் கொஞ்ச நாள் வேண்டாம்.

சரி, சாலைக்கு வருவோம். ராத்திரியில் கூடும் இருமல், அடிக்கடி திரும்புவது, அம்மாவுக்கு வீசிங் இருந்தது, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆஸ்துமாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த உடல்வாகு உங்கள் வழியாக வந்திருக்கலாம். புகை அதைக் கிளறிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைவிடத் தெரியாததுதான் வில்லங்கம். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். டீசல் வண்டிகள் அதிகம் கக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை வீங்க வைக்கும். எடைக்கு எடை பார்த்தால் குழந்தை இழுக்கும் காற்று நம்மைவிட அதிகம். அவன் நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில், சிக்னலில் பஸ்ஸின் சைலன்சருக்கு நேராக அவன் முகம்!

தெற்குக் கலிஃபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளை 8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007-ல் வெளியானது. பெரிய நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் வாழ்ந்தவர்களின் நுரையீரல் வளர்ச்சி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களைவிடக் குறைவு. அதே பகுதியில் காற்று சுத்தமான பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் நன்றாக வளர்ந்ததும் 2015-ல் தெரியவந்தது. எனக்கு நம்பிக்கை தருவது இந்த இரண்டாவது செய்திதான்.

வீடு மாறச் சொல்லமாட்டேன். சென்னையில் வாடகையும் அட்வான்சும் என்ன நிலவரம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பெரிய சாலையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் விலகினாலே வண்டிப் புகை நன்றாகக் குறையும். அதனால் பத்து நிமிடம் கூடினாலும் உள்தெரு வழியாகப் பள்ளிக்குப் போங்கள். பையனைப் பின்னால் உட்கார வைத்து ஹெல்மெட் போடுங்கள். சிக்னலில் பஸ், லாரி பின்னால் ஒட்டி நிற்காதீர்கள். அவன் படுக்கையைச் சாலைக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றி, அந்தப் பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். கைக்குட்டை கட்டுவதால் பலனில்லை. நுண்துகள் அதில் நிற்காது.

அப்புறம் இன்ஹேலர். மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஆஸ்துமாவைத் தடுக்கும் இன்ஹேலர் பழக்கமாகிவிடும் மருந்து இல்லை. மைக்ரோகிராம் அளவில், நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. சிரப் இருமலை மட்டும் அடக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வைத்து உறிஞ்சச் சொல்லுங்கள், பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இருமல் நின்றதும் தாங்களாகவே நிறுத்திவிடுவதில்தான். டாக்டர் சொல்லும்வரை தொடருங்கள். 7 வயதில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்ய முடியும். அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

மூச்சு வாங்கி ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் போனாலோ, விலா எலும்புக்கு நடுவே உள்ளிழுத்தாலோ, உதடு நீலமானாலோ, ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.