கல்லுக்கும் பவுன் விலையா?

கேள்வி: ஜிமிக்கி, லோலாக்கு, தொங்கட்டான் மூன்றும் ஒன்றுதானா? போனில் தொங்கட்டான் சொன்னேன், கடைக்காரர் லோலாக்கு அனுப்பிவிட்டார். (வாசகி, சேலம்)

பதில்: குடை கவிழ்த்த மாதிரி இருந்தால் ஜிமிக்கி. நீளமாக ஆடினால் லோலாக்கு. தொங்கட்டான் என்பது காதில் தொங்குகிற எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்வது. அதனால் கடைக்காரர் மேல் தப்பில்லை. அடுத்த முறை படம் அனுப்பிக் கேளுங்கள்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்குக் கெம்புக்கல் ஜிமிக்கி எடுத்தோம். பில்லில் 12 கிராம். அடகு வைக்கப் போனால் கல், மெழுகு போகத் தங்கம் 9 கிராம்தான் என்கிறார்கள். கடையில் கேட்டால், "கல்லு வச்சா அப்படித்தானுங்க" என்கிறார்கள். (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: அப்படித்தான் இல்லை, அம்மா. ஹால்மார்க் நகைக்கு பில்லில் தங்கத்தின் நிகர எடை, எத்தனை காரட், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருந்தாக வேண்டும். கல்லையும் சேர்த்து எடை போட்டுப் பவுன் விலை வாங்குவது ஏமாற்று. இதில் இன்னொரு அடியும் உண்டு. சேதாரத்தையும் அந்த மொத்த எடைக்கே போடுவார்கள். 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 12 கிராமுக்கு 2.16 கிராம், 9 கிராமுக்கு 1.62 கிராம். ஆக உங்களிடம் 3.54 கிராம் தங்கத்தின் விலை கூடுதலாகப் போயிருக்கிறது. அரைப் பவுனுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

என் மனைவிக்கு வாங்கிய முத்துத் தொங்கட்டானிலும் இதே கதைதான். முத்துக்கும் பவுன் விலை. பில்லில் 'காதணி ஒரு ஜோடி' என்று ஒரே வரி. அன்றிலிருந்து கல் எடையைத் தனியாக எழுதித் தராத கடையில் நான் பணம் எடுப்பதே இல்லை.

அடகுக்கடையில் கொஞ்சம் கூடுதலாகவே கழிப்பார்கள். எனவே முதலில் நம்பிக்கையான ஆசாரியிடம் கல் எடையைப் பார்த்து எழுதி வாங்குங்கள். கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அப்புறம் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: காதுகுத்துக்கு மாமன் சீராக வந்த தோடு ஒன்றரை கிராம். ஹால்மார்க் இல்லை. போலியா? (வாசகர், தாராபுரம்)

பதில்: 2 கிராமுக்குக் கீழே ஹால்மார்க் கட்டாயமில்லை. பில்லில் காரட் எழுதியிருந்தால் போதும். மாமனைச் சந்தேகப்பட வேண்டாம்.

கேள்வி: தெரிந்த கடை என்பதால் பில் போடாமல் 3 சதவீத வரியை மிச்சம் செய்தேன். இப்போது ஜிமிக்கி வெளுத்துத் தெரிகிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: பில் இல்லாமல் வாங்கிவிட்டு எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? ஹால்மார்க் நகையில் சுத்தம் குறைந்தால், குறைந்த மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்டு வாங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தக் கடையில்தான் வாங்கினீர்கள் என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? மிச்சம் பிடித்த 3 சதவீதத்துக்கு அந்த உரிமையை விற்றிருக்கிறீர்கள்.

கேள்வி: 399 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய லோலாக்கு கறுத்துவிட்டது. காதும் புண்ணாகிவிட்டது. (வாசகி, திருப்பூர்)

பதில்: உடனே கழற்றுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கவரிங் கொக்கியில் நிக்கல் இருந்தால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

கேள்வி: தொங்கட்டானில் உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் எண்ணை பிஐஎஸ் கேர் (ஹால்மார்க்கைச் சரிபார்க்கும் அரசு செயலி) செயலியில் போட்டால் 'மோதிரம்' என்று வருகிறது. கடையில், "கம்ப்யூட்டர் தப்புங்க" என்கிறார்கள். (வாசகர், கோபி)

பதில்: ஒவ்வொரு உருப்படிக்கும் தனி எண். வேறு நகையின் எண் இதில் இருக்கவே கூடாது. நகையைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள். அதே செயலியில் புகாரும் போடுங்கள்.