வாசகர் கேள்வி பதில்: ஈயம் ஒன்றல்ல, இரண்டு

*கும்பகோணத்தில் ஈயச் சொம்பு வாங்கி ஆறு மாதமாக ரசம் வைக்கிறேன். கடைக்காரர் சுத்த ஈயம் என்றார். ஈயம் விஷம் என்று என் மருமகள் சொல்கிறாள். யார் சொல்வது சரி? — வாசகி, மயிலாடுதுறை*

இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் இருவரும் வேறு வேறு உலோகத்தைச் சொல்கிறார்கள். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது. சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில்; அதில் ரசம் வைக்கலாம். விஷம் என்பது காரீயம். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பல மடங்கு. அதனால்தான் கலப்படம் நடக்கிறது. புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அந்தப் புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தோடு சேர்த்துவிடும். நிறத்திலோ ருசியிலோ எதுவும் தெரியாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு போதும். முதலில் உலர்ந்த சொம்பை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சொம்பு முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாத்திரத்தைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். சொம்பை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் இறக்கிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அது அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. உள்ளே காற்றுக்குமிழி தங்காதபடி முதலில் சாய்த்து இறக்குங்கள். பலர் தவறுவது இங்கேதான். இப்போது தராசு காட்டும் எண்ணால் சொம்பின் எடையை வகுத்தால் அதன் அடர்த்தி கிடைக்கும். வெள்ளீயத்துக்கு 7.3, காரீயத்துக்கு 11.3. உங்கள் சொம்பு 600 கிராம் என்றால், சுத்தமாக இருந்தால் தராசு 82 கிராம் காட்டும். 10 சதவீதம் காரீயம் இருந்தால் 79, 40 சதவீதம் என்றால் 70-ஐ ஒட்டி வரும்.

600 கிராம் சொம்புக்கு 79 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்தச் சொம்பை அடுப்பில் ஏற்றாதீர்கள். 82 வந்தாலும் முழு நிம்மதி கிடையாது. ஒன்றிரண்டு சதவீதக் கலப்பை இந்தத் தராசு காட்டாது, ரசத்துக்கு அதுவே அதிகம். தங்கத்தைச் சோதிக்கும் ஹால்மார்க் மையங்களில் எக்ஸ்ரே கருவி இருக்கும். சொம்பைச் சுரண்டாமலே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். அறிக்கையில் காரீயத்துக்குத் தனி வரி வருமா என்று முதலிலேயே கேளுங்கள். சில இடங்களில் கருவியைத் தங்கம், வெள்ளி, செம்புக்கு மட்டுமே அமைத்திருப்பார்கள். சொம்பின் அடி, விளிம்பு, பற்றவைத்த இடம் என மூன்று இடங்களிலாவது பார்க்கச் சொல்லுங்கள். பாட்டி காலத்துச் சொம்பு என்பதற்காக விட்டுவிட வேண்டாம், அதையும் சோதியுங்கள்.

*பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதிலும் இந்த ஆபத்து உண்டா? — வாசகர், திருநெல்வேலி*

உண்டு. சூடேறிய பித்தளையில் நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் துடைக்கும்போது வெள்ளையாகப் பளபளக்கும். காரீயம் கலந்தாலும் அதே பளபளப்புதான் வரும். போதாக்குறைக்கு, கலந்த ஈயம் இன்னும் குறைந்த சூட்டிலேயே உருகிவிடுவதால் வேலையும் சுலபம். ரேடியோ, மின்சாதனங்களில் பற்றவைக்கும் பழைய ஈயக்கம்பியைப் பூச்சுக்குத் தரவே கூடாது. அதில் ஏறத்தாழ 40 சதவீதம் காரீயம். வெள்ளீயத்தை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுத்துப் பூசச் சொல்வது நல்லது.

அலுமினியத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். பழைய இரும்புக்கடைச் சரக்கை உருக்கி வார்த்த மலிவான சட்டிகளில் காரீயம் இருக்கலாம். இந்தியாவில் செய்த சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்குவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. புளிக்குழம்பையாவது எவர்சில்வருக்கோ மண்சட்டிக்கோ மாற்றுங்கள்.

*மஞ்சள் தூளில் காரீயம் கலக்கிறார்கள் என்கிறார்களே, எதற்கு? — வாசகி, கோவை*

நிறத்துக்கு. சுருங்கிக் கறுத்த மஞ்சள் கிழங்கை மெருகேற்றும்போது காரீயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைத் தூவுவார்கள். பெயிண்டுக்காகச் செய்யப்படும் இந்தப் பொருளின் எடையில் 64 சதவீதம் காரீயம். மஞ்சளில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்பது இந்திய விதி. 2024-இல் வெளியான தெற்காசிய ஆய்வில், பாட்னாவில் வாங்கிய சில மாதிரிகளில் கிலோவுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. வங்கதேசம் இதை ஒழித்துக் காட்டியிருக்கிறது. 2019-இல் அங்கே சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. மொத்தச் சந்தையில் சோதனை, அபராதம், பத்திரிகை எச்சரிக்கை எல்லாம் சேர்ந்து 2021-இல் அதைப் பூஜ்ஜியமாக்கின. இங்கேயும் முடியும்.

தூளைவிட விரலி மஞ்சளாக வாங்குங்கள். மெருகேற்றாத, மண்நிறம் கலந்த மங்கலான கிழங்கே நல்லது. ஒரு துண்டைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் போடுங்கள். உடனே பளிச்சென்று மஞ்சள் பிரிந்து இறங்கினால் வேண்டாம். பிரியாவிட்டாலும் கலப்படமே இல்லை என்று அர்த்தமில்லை. ஆய்வகம்தான் உறுதி சொல்லும். சந்தேகம் என்றால் பாக்கெட்டோடும் பில்லோடும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள்.

*பிரசவமான மகளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுக்கலாமா? — வாசகி, நாகப்பட்டினம்*

நம் கடற்கரை வீடுகளின் பெரிய நம்பிக்கை அது. ஆனாலும் தவிர்க்கச் சொல்கிறோம். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, பாதரசம் மேலே மேலே சேர்கிறது. சுறா அந்த வரிசையின் உச்சியில் இருக்கிறது. சின்னப் பால்சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் புட்டுக்கு உதிர்த்த சதையில் எந்தச் சுறா என்று கண்டுபிடிக்க முடியாது. தோலை உரித்தாலும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டினாலும் குறையாது. பாதரசம் கொழுப்பில் இல்லை, சதையின் புரதத்தில் ஒட்டியிருக்கிறது. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி கொடுங்கள். வாரம் 225 முதல் 340 கிராம் வரை தாராளமாகச் சாப்பிடலாம். மீனையே நிறுத்திவிடாதீர்கள், குழந்தையின் மூளைக்கு அது தேவை. உடலில் ஏறிய பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாள் ஆகும். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும் காலத்திலேயே சுறாவை நிறுத்துவது நல்லது.

*கொத்தமல்லிச் சாறு குடித்தால் உடம்பிலுள்ள காரீயம் வெளியேறுமா? — வாசகர், சேலம்*

வெளியேறும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. குழந்தைக்குச் சந்தேகம் என்றால் ரத்தத்தில் காரீய அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். முதல் மருந்து அந்த வழியை அடைப்பதுதான். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும்; வெறும் வயிறும் அப்படியே. எனவே காலை உணவைத் தவறவிடாதீர்கள். கீரை, கேழ்வரகு சேர்க்கலாம்.

*வேலைக்காக மேற்கு வங்கம் நதியா மாவட்டத்தில் குடியிருக்கிறோம். இங்கே அரிசியில் ஆர்சனிக் என்கிறார்கள். எப்படிச் சமைப்பது? — வாசகர்*

உங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு அதிகம். கோடையில் குழாய்க்கிணற்று நீர் பாய்ச்சி விளையும் போரோ அரிசியைவிட மழையில் விளையும் ஆமன் அரிசி பரவாயில்லை. தவிடு நீக்காத அரிசியில் ஆர்சனிக் கூடுதல். குழந்தைக்குத் தீட்டிய அரிசியே போதும்.

குக்கரில் தண்ணீரை வற்றவிட்டால் ஆர்சனிக் அப்படியே சோற்றில் தங்கும். அரிசி ஒன்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கு தண்ணீரில் வேகவைத்து வடித்தால் 40 முதல் 60 சதவீதம் வரை போகும். கூடவே பி வைட்டமின்களும் போகும். அது வேண்டாமென்றால் இன்னொரு வழி உண்டு. ஒரு டம்ளர் அரிசியைக் கொதிக்கும் நாலு டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு புதிதாக இரண்டு டம்ளர் ஊற்றி, மூடி, சிறுதீயில் வற்றவிடுங்கள். வெள்ளை அரிசியில் 73 சதவீதம் வரை குறைந்ததாக 2020-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது.

இரண்டு முறைக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். குழாய்க்கிணற்று நீரிலேயே ஆர்சனிக் இருந்தால் சோறு குறைப்பதற்குப் பதில் ஏற்றிக்கொள்ளும். நீரைக் கொதிக்கவைத்தால் ஆர்சனிக் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே என்று சோதித்த நீரையே உலைக்கு வையுங்கள். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே வேண்டாம். சோற்றிலிருந்து பிரிந்த ஆர்சனிக் அந்தக் கஞ்சியில்தான் இருக்கும்.